இடது கைக் கட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் கம்பெனி வாசலில் நின்று ஏஞ்சலினைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், செக்யூரிட்டி "எந்த ஏஞ்சலின்?" என்று திருப்பிக் கேட்பார். அங்கே இரண்டு பேர் உண்டு. ஒருத்தி கேண்டீன் ஏஞ்சலின். இன்னொருத்தி பீச்சாங்கை ஏஞ்சலின். நாற்பத்தொரு வயதுப் பொம்பளையை இப்படியா கூப்பிடுவது என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் தோன்றியது. சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அலுத்துப் போனாள். கடைசியில், "ஆமா, பீச்சாங்கைதான், இன்னா இப்போ?" என்று கேட்கப் பழகிவிட்டாள். அப்படிக் கேட்ட பிறகு முக்கால்வாசிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள்.

பிறந்தது எளாவூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் பொன்னேரி வரைக்கும் போய் நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலை செய்தவர்கள். டம்ளரை இடது கையால் எடுத்த வயதிலிருந்தே வீட்டில் பஞ்சாயத்துதான். அம்மா மேரி அந்தக் கை விரல்களில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியிலேயே போட்டார். அடி பொறுக்க முடியாமல் எழுதுவதையும் சாப்பிடுவதையும் மட்டும் சோத்தாங்கைக்கு மாற்றிக்கொண்டாள். கத்தி, கத்தரிக்கோல், துடைப்பம், தோசைக் கரண்டி எல்லாம் இன்றைக்கும் இடது கையில்தான். "ரெண்ட அவங்களுக்கு வுட்டுக் குடுத்தேன், மீதிய நான் வச்சுக்கினேன்" என்பாள்.

பதினான்கு வயதில் அம்மாவோடு நடவுக்குப் போனாள். வரப்பில் நின்ற நிலத்துக்காரர், "பீச்சாங்கை நட்டா நாத்து வெளங்குமா? அந்தப் பொண்ண வெளிய வரச் சொல்லு" என்றார். அவள் வெளியே வந்தாள். அவர் டீ குடிக்கப் போனதும் மறுபடி இறங்கி முழுசாக ஒரு பாத்தி நட்டாள். அதோடு விட்டிருந்தால் அவள் ஏஞ்சலின் இல்லை. அறுப்புச் சமயத்தில் அந்தப் பாத்தியைப் போய்ப் பார்த்து, கதிர் தலை சாய்ந்து நிற்பதை உறுதி செய்துகொண்டு, நேராக அவரிடமே போய், "இது நான் நட்டது, வெளங்கிச்சா பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அறை இன்னும் நினைவிருக்கிறது.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காப்பியை இடது கையால் நீட்டிவிட்டாள். அந்தம்மா கையை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். மாப்பிள்ளை பென்னிதான் சிரித்தான். "யம்மா, காப்பி சூடா கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். இதை அவனிடம் அவள் இன்றுவரை சொன்னதில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு கவரைப்பேட்டையில் குடித்தனம். பென்னிக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவள் துணிக் கம்பெனி, பிளாஸ்டிக் கம்பெனி என்று சுற்றிவிட்டுப் பதினோரு வருஷத்துக்கு முன் இந்தக் கம்பெனிக்கு வந்தாள். அவளும் கான்ட்ராக்ட்தான்.

இங்கே செய்வது வெளிநாட்டுக்காரர்களின் பாய்மரப் படகுகளுக்கான ஹேண்டில். மீன் பிடிக்கிற படகு என்று நினைத்துவிடாதீர்கள். வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்காகக் கடலில் ஓட்டுகிற படகு. அதன் மேல்தளத்தில் குடத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஓர் உருளை நிற்கும், வின்ச் என்பார்கள். பாயை இழுக்கும் கயிறு அதில்தான் சுற்றும். முன்பெல்லாம் வெறும் இரும்புப் பிடியை அதன் தலையில் செருகிக் கையாலேயே சுற்றினார்கள். காற்று பலமாக அடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். இந்த ஹேண்டிலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் இருக்கின்றன. செருகி, பட்டனை அமுக்கிப் பிடித்தால் போதும், பாய் தானாக ஏறும். ஆனால் பிடிக்க வேண்டும். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் ஹேண்டில் மறுபக்கம் உதைக்கும். அந்த உதையைக் கைதான் தாங்க வேண்டும். ஹேண்டில், வின்ச்சின் தலையிலுள்ள குழியிலிருந்து எகிறிவிடாமல் இருக்க, பிடிக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு லாக் உண்டு. அதைத் தள்ளினால்தான் கழன்று வரும்.

ஏஞ்சலினின் வேலை இதைச் சோதிப்பது. பெஞ்சில் ஒரு வின்ச், மேலே ஒரு கப்பி, கயிற்றின் நுனியில் எண்பது கிலோ இரும்பு. ஹேண்டிலைச் செருகி அந்த எடையைக் கூரைவரை தூக்கி இறக்க வேண்டும். டெஸ்ட் பெஞ்சுகள் நான்கு. ஏஞ்சலின், குப்பம்மாள், ஜோதிலட்சுமி, ஸ்நேகா என்று நாலு பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு முத்திரை. ஒரு லாட் சரக்கு முடிந்தால், அதன் தாளில் நாலு முத்திரையும் விழுந்தால்தான் கன்டெய்னரில் ஏறும்.

ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் ஒரு டெஸ்ட் ஷீட் உண்டு. அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம், வலது கையால் பிடித்துச் சோதித்தது. பத்தாவது, இடது கையால். இந்தப் பத்தாவது கட்டத்தில்தான் கதையே இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கட்டத்தில் மற்ற மூன்று பேரும் டிக் அடிப்பார்கள், சோதிக்க மாட்டார்கள்.

சோம்பேறித்தனம் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். புது லாட் தொடங்கும்போது முதல் ஹேண்டிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் காட்டுவது குப்பம்மாள்தான். கடல் தாண்டிப் போகிற சரக்கு, நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும். அப்படிக் கும்பிட்ட பொருளைப் போய்ப் பீச்சாங்கையால் பிடிப்பதா? சின்னப் பெண் ஸ்நேகாவே பிடிக்க மாட்டாள். அது போக, ஒரு நாளைக்கு நாற்பது பீஸ் வேண்டும் என்று சூப்பர்வைசர் விமல் தலைமேல் நிற்பான். இரண்டு கையாலும் சோதித்தால் நாற்பது எங்கே வரும்? ஏஞ்சலின் இரண்டு கையாலும் செய்தாள், அவளுக்கு இருபத்தெட்டைத் தாண்டியதே இல்லை. மாதா மாதம் அதற்குத் திட்டு வாங்கினாள்.

"ஏய் ஏஞ்சலு, அந்த ஒரு கட்டத்த வுட்டுட்டேன்னா நீயும் நாப்பது போடலாமே. ஊரோட ஒத்துப் போயேன்டி" என்பாள் குப்பம்மாள். அவள் மூத்தவள், வாய்க்காரி, மனசு நல்லது.

"எழுதியிருக்குதே யக்கா. செய்யாம எப்டி டிக் அடிக்கிறது?"

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் ஊட்டுப் பொண்ணு."

இந்தப் பேச்சு பதினோரு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதனால் குறையில்லை, புது ஸ்பிரிங் வரும்வரை.

இந்த வருஷம் ஆனி மாதம் லாக்குக்குள் போடும் ஸ்பிரிங்கை வேறோர் இடத்திலிருந்து வாங்கினார்கள். பார்க்கப் பழையது போலத்தான் இருந்தது. அந்த ஸ்பிரிங் போட்ட நானூறு ஹேண்டில்கள் டெஸ்டுக்கு வந்தன. முதல் நாள் காலை, நாஷ்டா முடித்து வந்து ஏஞ்சலின் மூன்றாவது பீஸைச் செருகினாள். வலது கையால் பிடித்தாள், எடை ஏறியது, இறங்கியது. இடது கைக்கு மாற்றிப் பட்டனை அமுக்கினாள். எடை பாதி ஏறியிருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதி லாக்கின்மேல் லேசாகப் பட்டதுதான் தெரியும், ஹேண்டில் குழியிலிருந்து எகிறி அவள் காறையெலும்பில் அடித்தது. "ஐயோ யேசப்பா!" என்று கத்திவிட்டாள். மூன்று அங்குலம் மேலே பட்டிருந்தால் தாடை போயிருக்கும்.

அடுத்ததைச் சோதித்தாள். எகிறவில்லை. அதற்கடுத்தது எகிறியது. இப்போது உடம்பை ஒதுக்கி நின்றுகொண்டாள். வலது கையால் பிடிக்கும்போது கை லாக்குக்கு எதிர்ப்புறம் விழுகிறது, ஒன்றும் ஆவதில்லை. இடது கையால் பிடித்தால் உள்ளங்கை நேராக லாக்கின்மேல் உட்காருகிறது. பழைய ஸ்பிரிங் அந்த அழுத்தத்தைத் தாங்கும். புது ஸ்பிரிங் நோஞ்சான். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாளில் ஐம்பத்தாறு சோதித்து, நாற்பத்தொன்றில் தேறவில்லை என்று சிவப்பு அட்டை கட்டிவிட்டாள். மற்ற மூன்று பெஞ்சிலும் ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை.

விமல் ஓடி வந்தான். "இன்னாக்கா பண்ணி வச்சுக்கிற? மூணு பேருக்கு ஓகே ஆகுது, ஒனக்கு மட்டும் ஃபெயில் ஆகுதா?"

"இடது கையால பிடிச்சுப் பாரு."

"யாருக்கா இடது கையால பிடிப்பாங்க?"

"ட்ரெய்னிங்ல படம் போட்டியே, அதுல ஒரு வெள்ளைக்கார அம்மா எப்டிப் பிடிச்சுக்கினு இருந்துச்சு? கயித்தோட நுனிய சோத்தாங்கையால இழுத்துக்கினு, ஹேண்டில இடது கையாலதானே பிடிச்சுக்கினு இருந்துச்சு? படகுல இருக்கறவங்களுக்கு ரெண்டு கையும்தான் வேணும். நாம இங்க கயித்த இழுக்கறது இல்ல, அதனால நமக்குத் தெரியல."

பதில் வராதவர்கள் செய்வதையே விமலும் செய்தான். மேனேஜரிடம் போய்ச் சொன்னான்.

பிளான்ட் மேனேஜர் ஆதிநாராயணன் கத்துகிற ஆள் இல்லை. கழுவுற மீனில் நழுவுற மீன். ஏஞ்சலினை அறைக்குக் கூப்பிட்டு, நிற்க வைத்து, தண்ணீர் கொடுத்து, அடிபட்ட இடத்தை விசாரித்தார். கான்ட்ராக்ட் ஆட்கள் அந்த அறையில் உட்காருவதில்லை. யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை, உட்கார் என்றும் சொன்னதில்லை.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை கன்டெய்னர் வருது. லாட்டுத் தாள்ல மூணு ஸ்டாம்ப் விழுந்தாச்சு. உன்னுது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

"அது நல்ல சரக்கு இல்ல சார். நானூறுக்கும் ஸ்பிரிங்க மாத்தணும்."

"மாத்தலாம். அடுத்த லாட்டுல மாத்திடறேன். இப்ப டைம் இல்ல." பிறகு மேசைமேல் இருந்த ஒரு ஃபைலைத் தட்டினார். "பர்மனென்ட் லிஸ்ட் அடுத்த மாசம் வருது, தெரியுமில்ல? டெஸ்ட் பெஞ்சுக்கு ஒரே ஒரு இடம். பதினோரு வருஷ சர்வீஸ். நானே உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன்."

ஏஞ்சலின் அந்த ஃபைலையே பார்த்தாள். பொய் சொல்வானேன், ஆசைதான். பர்மனென்ட் என்றால் காய்ச்சல் வந்து படுத்தால் சம்பளம் உண்டு. திடீரென்று ஒரு திங்கட்கிழமை கேட்டில் நிறுத்தி "நாளைலேர்ந்து வராதே" என்று சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த கேட்டை அந்தப் பயத்தோடுதான் தாண்டியிருக்கிறாள்.

"சரி சார், போடறேன்" என்றாள். ஆதிநாராயணன் முகம் மலர்ந்தது. "ஆனா ஒண்ணு. இடது கை டெஸ்ட் பண்ண வேணாம், அப்டியே அனுப்பலாம்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அத்த இணைச்சு வச்சுட்டு நான் ஸ்டாம்ப் போடறேன்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"வாயால சொன்னா போதாதா?"

"எங்கிட்ட மட்டும் முத்திரையா கேக்கறீங்களே சார்."

அவர் எழுதவில்லை. "யோசிச்சுட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

மாலையில் பென்னியிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஷிஃப்ட் முடிந்து கரிப்புழுதியைக் கழுவிவிட்டு வந்து குந்தியிருந்தான்.

"எவனோ ஒரு பணக்காரன் படகுல ஜாலியா போறான். அவன் தாடை பேந்தா நமக்கின்னா? அவன் நம்மளப் பத்தி யோசிப்பானா? ஸ்டாம்ப்ப குத்திட்டு பர்மனென்ட் ஆவியா, பேஜாரு பண்ணிக்கினு கீறியே."

"பணக்காரன் தாடையும் எலும்புதான்யா." பிளவுஸ் கழுத்தை விலக்கிக் காட்டினாள். காறையெலும்பில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. "இது எனக்குத் தரையில நிக்கும்போது பட்டுச்சு. ஆடற படகுல பட்டா ஆளு தண்ணிக்குள்ள பூடுவாங்க. லாட்டுத் தாள்ல குத்தறது என் முத்திர. நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா ஆதிநாராயணன் பேரா இருக்கப் போகுது அங்க?"

பென்னி அந்தக் கன்றலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எண்ணெய் எடுத்து வரப் போனான். தேய்த்துவிடும்போது, "ஒன்ன எவனாலயும் திருத்த முடியாது" என்றான். அதில் கோபமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கன்டெய்னர் வந்து ஷெட்டுக்கு வெளியே நின்றது. ஆதிநாராயணன் நேராக டெஸ்ட் பெஞ்சுக்கே வந்தார், பின்னால் விமல். நாலு பேரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்.

"குப்பம்மா, அந்தச் சிவப்பு அட்டை போட்டதுல ஒண்ண எடுத்து டெஸ்ட் பண்ணு" என்றார்.

குப்பம்மாள் எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு செருகி, வலது கையால் பிடித்துப் பட்டனை அமுக்கினாள். எண்பது கிலோவும் சமர்த்தாக ஏறி இறங்கியது. ஜோதிலட்சுமி ஒன்று, ஸ்நேகா ஒன்று. எல்லாம் ஓகே.

"பாத்தியா ஏஞ்சலின்?"

"இடது கையால பிடிக்கச் சொல்லுங்க சார்."

"அது தேவையில்ல."

"பத்தாவது கட்டம் பின்ன எதுக்கு?"

ஆதிநாராயணன் இதற்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. ஷீட் கட்டை விமல் கையிலிருந்து வாங்கி விரித்தார். "இதோ, மூணு பேரும் பத்தாவது கட்டத்துல டிக் அடிச்சிருக்காங்க. இடது கையால செஞ்சோம், ஓகேன்னு. நீ சொல்றது நெசம்னா இவங்க மூணு பேரும் பொய் டிக் அடிச்சிருக்காங்க. ரெக்கார்டுல பொய் எழுதினா வேலையை விட்டு எடுக்கணும், அதுதான் ரூல். சொல்லும்மா. நீ பொய்யா, இவங்க பொய்யா?"

ஸ்நேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பம்மாள் ஏஞ்சலினைப் பார்த்த பார்வையில் கொலையே இருந்தது. "பாவி, எங்க வாயில மண்ணப் போடத்தான் இத்தினி நாளா கூட குந்தி சோறு துன்னியா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏஞ்சலின் ஸ்நேகாவைப் பார்த்தாள், குப்பம்மாளைப் பார்த்தாள். கம்பெனியை எதிர்த்து நிற்பது வேறு, குப்பம்மாள் அக்காவின் சோற்றில் கை வைப்பது வேறு. இந்த மனுஷன் எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறான் பார்! ஒரு நிமிஷம், போட்டுத் தொலைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். முத்திரை பாக்கெட்டில்தான் இருந்தது. பிறகு அவளுக்கு ரத்தம் கொதித்தது. வேப்பெண்ணெய், ஸ்கேல், நாற்று, காப்பி என்று எத்தனை பேர் இந்தக் கையைப் பின்னால் கட்டப் பார்த்தார்கள், அவர்களையெல்லாம் சேர்த்து மொத்தமாக வந்தது அந்தக் கோபம்.

"நாப்பது பீஸ் கேட்டது யாரு சார்?" என்றாள். குரல் ஷெட்டின் அந்தக் கோடிவரை போனது. "ரெண்டு கையால பிடிச்சா இருபத்தெட்டுதான் வரும்னு என் ஷீட்டப் பாத்தாலே தெரியுமே. பதினோரு வருஷமா இருபத்தெட்டுக்கு என்னத் திட்டினீங்க, நாப்பதுக்கு அவங்களுக்குக் கை தட்டினீங்க. நாப்பது எப்டி வருதுன்னு ஒரு நாளு கேட்டீங்களா? தெரியாதா ஒங்களுக்கு? அவங்க டிக்குக்குக் கீழ தெனமும் விமல் கையெழுத்து. அதுக்குக் கீழ ஒங்க கையெழுத்து. எடுக்கறதுன்னா கீழேர்ந்து மேல எடுத்துக்கினு வாங்க. மூணு பொம்பளைங்களோட நிறுத்தாதீங்க."

விமல் தரையைப் பார்த்தான். ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏஞ்சலின் விடவில்லை. சிவப்பு அட்டைக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வின்ச்சில் செருகினாள். எடை கட்டாத கயிற்று நுனியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"நான் பொய்யா நெசமான்னு நீங்களே பாத்துடுங்க சார். சோத்தாங்கையால இந்தக் கயித்தப் பிடிங்க. இடது கையால ஹேண்டிலப் பிடிச்சு பட்டன அமுக்குங்க. அந்த வெள்ளைக்கார அம்மா மாதிரி, நேரா மொகத்த வச்சு நில்லுங்க. எதுவும் ஆகலன்னா இந்த நிமிசமே ஸ்டாம்ப் போடறேன். அப்டியே வேலைய வுட்டும் பூடறேன்."

ஷெட்டில் வேலை நின்றுவிட்டது. அசெம்பிளிக்காரர்கள், பேக்கிங்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆதிநாராயணன் ஹேண்டிலைப் பார்த்தார். அவள் கழுத்தோரம் தெரிந்த கன்றலைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவர் கை முன்னால் நீளவில்லை.

"பிடிக்க மாட்டீங்க இல்ல?" என்றாள் ஏஞ்சலின். "நீங்க பிடிக்க மாட்டேங்கறத வேற யாரோ பிடிக்கட்டும்னு அனுப்பறீங்க."

அவர் திரும்பினார். நாலடி போய், விமலிடம், "ஸ்பிரிங் மாத்தச் சொல்லு. லாட் நிக்கட்டும்" என்றார். மத்தியானம் கன்டெய்னர் காலியாகவே கிளம்பிப் போனது. ஏஞ்சலின் உட்கார்ந்து மீதியிருந்த ஹேண்டில்களிலும் சிவப்பு அட்டை கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்நேகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினாள். பிறகு ஜோதிலட்சுமி வந்தாள். குப்பம்மாள் மட்டும் வரவில்லை, பேசவுமில்லை. ஆனால் அடுத்த வாரம் ஸ்பிரிங் மாற்றி வந்த முதல் ஹேண்டிலுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, வலது கையால் சோதித்துவிட்டு, ஒரு முறை மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடது கையால் பிடித்தாள். "ஐய, இன்னா இது, அடுத்தவ கை மாதிரி கீது" என்று முணுமுணுத்தாள். அன்றைக்கு நாலு பெஞ்சிலும் இருபத்தெட்டுக்கு மேல் வரவில்லை. விமலும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பர்மனென்ட் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். டெஸ்ட் பெஞ்ச் என்று போட்டு அதன் எதிரில் ஒரே ஒரு பெயர். குப்பம்மாள்.

ஏஞ்சலின் இரண்டு தரம் படித்தாள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எதிர்பார்த்த அடி வலிக்காது என்று யார் சொன்னது? சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேர் அவள் அழுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏஞ்சலு, சத்தியமா நான் கேக்கலடி. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"தெரியும் யக்கா. நீ பன்னெண்டு வருசமா கீற. ஒனக்கும் வரவேண்டியதுதான். இத்த வேணாம்னு சொல்லித் தொலைக்காத. ஒன் பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்" என்றாள் ஏஞ்சலின். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா என் பேரு ஏன் இல்லன்னு நான் கேக்கணும்."

ஷிஃப்ட் மணி அடித்தது. மற்ற மூன்று பேரும் பெஞ்சுக்குப் போனார்கள். ஏஞ்சலின் போகவில்லை. நேராக ஆதிநாராயணன் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாள், பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆதிநாராயணன் ஃபைலிலிருந்து நிமிர்ந்தார். அந்த நாற்காலியில் அவளைப் பார்ப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

"ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு இல்ல?"

"ஆச்சு சார்."

"அப்ப பெஞ்சுக்குப் போ."

"லிஸ்ட்ல என் பேரு இல்ல. இன்னா காரணம்னு சொல்லுங்க. வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. லேட்டா வந்தேன்னா எந்தத் தேதின்னு சொல்லுங்க. ஸ்டாம்ப் போடலன்னுதான் எடுத்தீங்கன்னா அதையாச்சும் என் மொகத்தப் பாத்து சொல்லுங்க."

"இதெல்லாம் மேலிடத்து முடிவும்மா. நான் ஒண்ணும் செய்ய முடியாது. எழுந்து போ, செக்யூரிட்டியக் கூப்பிட வைக்காத."

"கூப்பிடுங்க."

அவர் போனைக் கையில் எடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் பெஞ்சு மோட்டார்களின் இரைச்சல் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒன்று நின்றது. அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது நின்றபோது தலையைத் தூக்கினார். மூன்றாவதும் நின்றது. ஷெட்டில் அந்தப் பக்கமே சத்தமில்லாமல் போயிற்று.

கதவைத் திறந்துகொண்டு முதலில் குப்பம்மாள் வந்தாள். பின்னால் ஜோதிலட்சுமி, ஸ்நேகா. விமல் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். கையெழுத்துப் போடச் சொல்லிச் சற்று முன் விமல் கொடுத்த பர்மனென்ட் தாளைக் குப்பம்மாள் கையில் வைத்திருந்தாள். அதில் கையெழுத்து இல்லை.

"சார்," என்றாள் குப்பம்மாள், "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்களுக்கும் தெரியணும். இத்த நான் அப்புறமா போடறேன்."

"நீங்கள்லாம் வெளிய போங்க" என்றார் ஆதிநாராயணன்.

யாரும் போகவில்லை. ஸ்நேகா சுவரோரமாக இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்துக் குப்பம்மாளுக்குப் போட்டாள். குப்பம்மாள் மூட்டுவலியோடு மெதுவாக அதில் உட்கார்ந்தாள். ஆதிநாராயணன் எழுந்து நின்றார். ஏஞ்சலின் எழுந்திருக்கவில்லை.